அமாவாசைக்கு ஒரு தரம்

கரண்ட் என்றால் இப்போதெல்லாம் இருக்கும், இல்லாவிட்டால் போகும். நம் சின்ன வயதில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு நிலை இருந்தது, ஞாபகமிருக்கிறதா? ட்யூப் லைட் எரியவும் எரியாது, அணையவும் அணையாது. இரண்டு ஓரமும் சிவந்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடக்கும். ஃபேன் சுற்றும், ஆனால் அதன் மூன்று இறக்கைகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஊரே கரண்டைத் திட்டும். எங்கள் வீட்டில் மட்டும் திட்டக்கூடாது. அப்பா சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர். கரண்டைத் திட்டினால் அவருக்குச் சோறு இறங்காது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு வாடகை வீடு. அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நான்தான் போவேன். அந்தக் கண்ட்ரோல் ரூமில் ஒரு மீட்டர் இருந்தது. இப்போது எந்த இரும்புக் கடையிலும்கூடக் கிடைக்காது. கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளை நுனி வைத்த மெல்லிய தகடுகள் பல்வரிசை மாதிரி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் எண், நாற்பத்தேழில் தொடங்கி ஐம்பத்து மூன்று வரை. லைனில் எத்தனை ஹெர்ட்ஸ் ஓடுகிறதோ, அந்த எண்ணுக்குரிய தகடு மட்டும் நடுங்கும். மற்றவை தமக்குச் சம்பந்தமில்லாதது போல நிற்கும். ஹெர்ட்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு விநாடிக்கு எத்தனை தரம் என்பதுதான். கரண்ட் விநாடிக்கு ஐம்பது தரம் போய்த் திரும்ப வேண்டும். ஐம்பதாம் தகடு நடுங்கினால் அப்பா ரசித்துச் சாப்பிடுவார். நாற்பத்தெட்டு நடுங்கினால் கேரியர் திறக்காமலே வீடு திரும்பும்.

மற்ற வீடுகளில் தாயம், பல்லாங்குழி, சீட்டு. எங்கள் வீட்டில் ஹெர்ட்ஸ் விளையாட்டு. சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா ஒரு கேள்வி போடுவார். உலகத்தில் மெதுவாக நடக்கிற எதையாவது எடுத்து ஹெர்ட்ஸில் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கடல் ஏறி வடிவது எத்தனை ஹெர்ட்ஸ்? சிதம்பரத்தில் தேர் ஓடுவது எத்தனை ஹெர்ட்ஸ்? புவனகிரி மாமா நம் வீட்டுக்கு வருவது? அக்கா ப்ளஸ் டூ. லாக் டேபிள் புத்தகத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, இடது கையால் பக்கம் புரட்டிக்கொண்டே சாப்பிடுவாள். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவே எத்தனை விநாடி என்று பார்ப்பாள், ஒன்றை அதால் வகுப்பாள், அவ்வளவுதான். விடையில் எத்தனை சைபர் என்று எண்ணிச் சொல்லும் உத்தியோகம் எனக்கு. எனக்கும் அவளுக்கும் ஏழு வயது வித்தியாசம்.

"உங்கம்மா சிரிக்கறது எத்தன ஹெர்ட்ஸ்மா?" என்று ஒரு நாள் அப்பா கேட்டார்.

"அதுக்கு லாக் டேபிள் பத்தாதுப்பா," என்றாள் அக்கா.

"சோத்துல கை காயுது. தின்னுட்டு எழுந்திருங்க," என்று அம்மா மோரை ஊற்றினாள். அவள் உதடு மடிந்து சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

அக்காவுக்கு வலிப்பு இருந்தது. இந்த வார்த்தையை இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. 'அது' என்போம். 'அது வந்துச்சு', 'அது வந்து போய்டுச்சு'. முதல் தரம் வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கண் மேலே செருகிவிட்டது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடி வந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார், இரும்பு பட்டால் நின்றுவிடுமாம். அப்பா அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். "படிச்சவன் வூட்ல இந்தப் பேச்சே கூடாது," என்றார். அந்தம்மா பிறகு வெகுநாள் எங்களோடு பேசவில்லை.

அம்மாவுக்கு வேறொரு வழக்கம். அதை எண்ணக்கூடாது. வாய்விட்டு எண்ணினால் கூப்பிட்ட மாதிரி, வந்துவிடும். ஆனால் டாக்டர் கேட்பாரே! அவரைப் பார்க்க நாங்கள் காலை பாசஞ்சரில் சிதம்பரம் போவோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ரயில் ஒவ்வோர் ஊரிலும் நின்று மூச்சு வாங்கும். கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் அக்கா பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிப்போவாள். டாக்டர் பொறுமையான மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார்.

"எத்தன நாளைக்கு ஒரு தரம்மா வருது?"

"எப்பவாச்சும்தான் சார்."

"எப்பவாச்சும்னா? வாரத்துல ஒண்ணா, மாசத்துல ஒண்ணா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள்: "அமாவாசைக்கு ஒரு தரம்."

அது உண்மை இல்லை. அமாவாசையை ஒட்டி வந்ததை மட்டும் அம்மா ஒப்புக்கொள்வாள். நடுவில் வந்தவற்றுக்கெல்லாம் அவளிடம் காரணம் இருந்தது. ஒன்று வெயிலில் நின்றதால், ஒன்று வெறும் வயிற்றோடு இருந்ததால், ஒன்று கிருத்திகைக் கூட்டத்தில் நசுங்கியதால். அதெல்லாம் 'அது' இல்லை, ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவிடமும் சொல்லமாட்டாள்; அக்காவுக்கோ எழுந்த பிறகு எதுவும் நினைவிருக்காது. இதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்து வயதுப் பெண்ணை டாக்டர் கேட்கவா போகிறார்? கேட்டிருந்தாலும் அம்மாவின் கை என் தொடைமேல்தான் இருந்தது, கிள்ளுவதற்குத் தயாராக. டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். காய்ச்சலோ பண்டிகையோ, ஒரு வேளைகூட விடக்கூடாது, நீங்களாக நிறுத்தக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்.

அந்த மாத்திரையால் 'அது' குறைந்தது உண்மை. அக்காவும் குறைந்துபோனாள் என்பதும் உண்மை. கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாகத் திரும்புவாள். கணக்குப் போடும்போது பேனா நின்றுவிடும், தலை சரியும். சிதம்பரத்தில் பெரிய படிப்பு படிக்க வேண்டும், ஹாஸ்டலில் தங்கி பிசிக்ஸ் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவளைவிட அப்பாவுக்கு அந்த ஆசை ஜாஸ்தி. பள்ளிக்கூடத்தில் அம்மா எதையும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? ஆகவே பிசிக்ஸ் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "நல்லா படிச்ச பொண்ணு சார், இப்ப கிளாஸ்ல தூங்கி வழியறா, வூட்ல ரொம்ப வேல வாங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அப்பா முகம் கறுத்து வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள். ஐப்பசி மழை, கெடிலம் ஆற்றில் தண்ணீர் சிவந்து ஓடியது. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா கேள்வி போடவில்லை. அக்காவே ஆரம்பித்தாள்.

"நானே ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்ப்பா. அமாவாசைக்கு ஒரு தரம்."

அம்மாவின் கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது.

"இருபத்தொம்போதர நாள்," என்றாள் அக்கா. "செகண்டாக்கினா இருபத்தஞ்சு லட்சத்துச் சொச்சம். ஒண்ணை அதால வகுத்தா, பாயிண்ட்டுக்கு அப்பறம் ஆறு சைபர். அப்பறம்தான் முப்பத்தொம்போதே வருது. சரியா இருக்கா பாரு," என்று என்னிடம் சொன்னாள். நான் விரலை மடக்கினேன். ஆறு.

அப்பா இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டில் வெகுநாளாகக் கேட்காத ஒரு சிரிப்பு வந்தது. "அர மைக்ரோஹெர்ட்ஸ்கூட இல்லையேடி! ஒரு ஹெர்ட்ஸைப் பத்து லட்சமா வெட்டினா, அதுல அரத்துண்டுகூட இல்ல. எந்த மீட்டர்லயும் காட்டாது. இப்பிடி ஒண்ணு இருக்குன்னே மீட்டருக்குத் தெரியாது. இதுக்கா இவ்ளோ நாளா பயந்து செத்தோம்?"

"எண்ணாதீங்கன்னு சொன்னேன்ல," என்றாள் அம்மா. அழுகிற குரல்.

அப்பாவை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இப்போது வயது அறுபதை எட்டப்போகிறது, அவர் அன்றிருந்த வயதைத் தாண்டி வெகுநாளாயிற்று. அவர் பக்கம் நின்று யோசித்துப் பார்க்கிறேன். ஐம்பதில் ஒன்று குறைந்தாலே ஜில்லாவே இருண்டுவிடுமோ என்று பதறுகிற உத்தியோகம். அப்படிப்பட்டவர் கையில் பெற்ற மகளின் வியாதி ஆறு சைபரோடு வந்து விழுகிறது. எந்தத் தகப்பனுக்குத்தான் நெஞ்சு குளிராது? அம்மாவுக்கு அமாவாசை, பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குச் சாவிக்கொத்து, அப்பாவுக்கு ஹெர்ட்ஸ். அக்கா போட்ட கணக்கில் பிழையே இல்லை. அம்மா கொடுத்த கணக்குத்தான் பொய். அம்மாவை விட்டால் அதைச் சொல்லத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான், எனக்கோ அப்போது மைக்ரோ என்றால் என்னவென்றே தெரியாது.

மறுநாள் அப்பா மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

"டாக்டரு விடவே கூடாதுன்னாரேங்க."

"அவுரு எல்லார்க்கும் சொல்றதச் சொல்றாரு. நம்ம பொண்ணு கணக்கு அவருக்குத் தெரியுமா? பரீட்ச முடியற வரைக்கும்தான். அப்பறம் மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். ஆறு சைபர்மா, ஆறு!"

அதற்குமேல் அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு வந்த கொஞ்ச நாள் இருக்கிறதே, என் ஆயுளில் அதுதான் நல்ல நாள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அக்கா விழித்துக்கொண்டாள். கண்ணில் தெளிவு வந்தது, பேச்சில் வேகம் வந்தது, லாக் டேபிளைத் தொடாமலே விடை சொன்னாள். அதுவரை தொடக்கூடாது என்றிருந்த சைக்கிளை அப்பா துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார். என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தேவனாம்பட்டினம் வரைக்கும் அழுத்துவாள். எதிர்க்காற்றில் அவள் ஜடை என் மூக்கில் அடிக்கும், தேங்காயெண்ணெய் வாசனையும் உப்புக்காற்று வாசனையும் சேர்ந்து வரும். நான் அவள் இடுப்பை இறுக்கிக்கொள்வேன். "இன்னாடி இப்பிடிப் புடிக்கற, கூசுது!" என்பாள். விழுந்தால் கத்து என்று அம்மா என்னிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் பிடியைத் தளர்த்தமாட்டேன்.

அரையாண்டுத் தேர்வில் பிசிக்ஸில் அவள்தான் முதல். அந்தத் தேர்வு முடிந்த மறுநாள் 'அது' வந்தது. அமாவாசைக்கு அருகில்கூட இல்லை. சில நாளில் மறுபடி வந்தது. மார்கழி பிறந்ததும் வாரம் ஒன்றாயிற்று.

அப்பா கணக்குப் போட்டார். அக்கா போட மறுத்துவிட்டாள், அவரே போட்டார். "வாரத்துக்கு ஒண்ணுன்னு வச்சாலும் அஞ்சு சைபர் இருக்குது. ஒரு சைபர்தானே கொறைஞ்சிருக்கு," என்றார். அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. பிறகு தினம் ஒரு தரம் வரத் தொடங்கியது. அப்போதும் நாலு சைபர் மிச்சம் இருந்தது. எனக்குக் கணக்குத் தெரிந்த வயதில் போட்டுப் பார்த்தேன். மணிக்கு ஒரு தரம் ஒருத்தி விழுந்து எழுந்தாலும் பாயிண்ட்டுக்குப் பிறகு மூன்று சைபர் நிற்கிறது. அந்தப் பாழாய்ப்போன அளவில் மனுஷர்களுடைய எந்தக் கஷ்டமும் ஒன்றைத் தொடாது.

போன மாதம் என் மகள் ஃபோனில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். மைக்ரோஹெர்ட்ஸைப் போட்டால் ஹெர்ட்ஸாக்கித் தருகிறது. கண்மூடித் திறப்பதற்குள் சைபர்கள் வரிசையாக வந்து நின்றன. "யாரும்மா இதையெல்லாம் தேடப்போறாங்க?" என்று சிரித்தாள். எனக்கு ஃபோனைக் கீழே வைக்க வேண்டும்போல இருந்தது, வைத்துவிட்டேன்.

"மாத்திரையக் குடுத்துடலாங்க, கால்ல விழறேன்," என்று அந்த மார்கழியில் அம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவுக்கும் பயம் வந்துவிட்டது. ஆனால் தானே நிறுத்தியதைத் தானே ஆரம்பிக்கவும் பயம். எத்தனை கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? பொங்கல் வருகிறது, புவனகிரிக்கு மாமா கூப்பிட்டிருக்கிறார், பண்டிகை முடிந்ததும் அப்படியே சிதம்பரம் போய் டாக்டரையே கேட்டுவிடலாம் என்றார். புவனகிரியிலிருந்து சிதம்பரம் எட்டிப் பிடிக்கிற தூரம்தானே.

மாட்டுப்பொங்கல் நல்லபடியாகத்தான் போயிற்று. மாமா வீட்டு மாடுகளின் கொம்புக்கு நானும் அக்காவும் பெயிண்ட் அடித்தோம். அதற்கு மறுநாள் காலை, டாக்டர் வீட்டுக்குப் புறப்பட அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது வந்தது. வழக்கம்போல ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். வழக்கம்போல அடங்கவில்லை. கொஞ்சம் தணிவது போலிருக்கும், அவள் கண் திறப்பதற்குள் மறுபடி இழுக்கும். மாமா ஓடிப்போய் வாடகைக் கார் கொண்டுவந்தார். தூக்கும்போது பார்த்தால் அக்காவின் கை என் பாவாடையைப் பிடித்திருந்தது. மூன்று பேர் சேர்ந்தும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் காருக்குள் ஏற்றினார்கள்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி நின்றது. பண்டிகைக்கு ஓய்ந்திருந்த கரும்பு வண்டிகளெல்லாம் அன்றைக்கு ஒன்றாகக் கிளம்பியிருந்தன, ஒரு வண்டிக்கு அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. மாமா இறங்கிப்போய்க் கத்தினார், கும்பிட்டார், மாட்டைப் பிடித்து இழுத்தார். கார் முழுக்கப் புதுக் கரும்பு வாசனை. அக்காவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அம்மா அவள் தலையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்நாளில் முதல் தடவையாக அம்மா அதை வாய்விட்டுக் கேட்டாள். "எத்தன தரம்ங்க ஆச்சு?"

"ஒண்ணுதான்," என்றார் அப்பா. "இன்னும் முடியல."

கணக்குப்படி அது சரி. காலையில் தொடங்கியது நிற்காதவரைக்கும் அது ஒரே ஒரு தரம்தான்.

மாமா வந்து கதவைத் திறந்தார். "மச்சான், எறங்குங்க, தூக்கினு ஓடிடலாம். அந்தாண்ட போயி வேற வண்டி பாத்துக்கலாம்." கரும்பு வண்டிகளின் ஊடே அப்பாவும் மாமாவும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாவாடை ஓரம் கிழிந்து அவள் கையோடு போனது. நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிறுத்தினார்கள். நம் டாக்டரை வரவழைத்திருந்தார்கள். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவே இல்லை. "ஏன் சார் மாத்திரைய நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்பக் கம்மியா இருந்துச்சு சார்."

"எது?"

டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா பிழைத்தாள். இதோ பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், டி.வி. சத்தம் கேட்கிறது. அவள் பரீட்சை எழுதவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு என்னோடு இருக்கிறாள். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், வேளை தவறுவதில்லை, வலிப்பு வந்து வெகுகாலமாயிற்று. நன்றாகக் காய் நறுக்குவாள். யார் வந்தாலும் முகம் மலர்ந்து சிரிப்பாள். சில்லறை எண்ணச் சொன்னால் மட்டும் என்னைப் பார்ப்பாள்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு மாலை. கண் விழித்திருந்தாள், அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். என்னைப் பார்த்து, "இவ எப்ப இவ்ளோ ஒசரமானா?" என்று கேட்டாள். போன நினைவில் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் திரும்பாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேணாங்க," என்றாள் அம்மா.

"சும்மா இரு. ஏம்மா, ஒரு நாளைக்கு ஒரு தரம்னா எத்தன ஹெர்ட்ஸ்?"

இருப்பதிலேயே சுலபமான கேள்வி அது. எனக்கே விடை தெரியும். அக்கா புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல மரியாதையாக அவரைப் பார்த்தாள்.

"ஹெர்ட்ஸ்னா என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு செகண்டுக்கு எத்தன தரம்ங்கறது. இப்ப பாரு." அப்பா கட்டில் கம்பியை விரல்கணுவால் தட்டினார். "இப்ப ஒண்ணு. செகண்டுக்கு ஒண்ணு. அதான் ஒரு ஹெர்ட்ஸ். புரியுதா?"

"புரியுதுப்பா."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ சொல்லு. ஹெர்ட்ஸ்னா என்ன?"

அக்கா யோசித்தாள். உதடு ஏதோ வார்த்தைக்காக அசைந்தது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தப்புச் செய்துவிட்ட சின்னக் குழந்தை மாதிரி சிரித்தாள்.

"தெரியலியேப்பா. நீயே சொல்லு."

அப்பா மறுபடியும் கட்டில் கம்பியைத் தட்டினார்.